இருபத்தைந்து

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி,
தீவிர சிகிச்சைப் பிரிவு, நாலாம் கட்டில்.
இருசப்பன், வயது நாற்பத்தொன்று.
ரெட்டிச்சாவடி மெயின்ரோட்டில் பஞ்சர் கடை.
கடைத்தரையில் படுத்திருந்தவரைக்
கட்டுவிரியன் எப்போது தொட்டதென்று
அவருக்கே தெரியாது.
விடியலில் இமை தூக்க முடியவில்லை என்றாராம்,
அதைச் சொல்லும்போதே நாக்கு குழறியதாம்.
அஞ்சலாட்சி ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள்,
கால்கள் இரண்டும் வெளியே தொங்க.

கட்டுவிரியன் விஷம் ஏறியவர்
செத்தவர் மாதிரி கிடப்பார்.
எல்லாம் கேட்கும்.
புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்:
கட்டிலருகே நின்று "பொழைக்குமா" என்று கேட்காதே.

வாய்வழி இறங்கும் குழாயின் நுனியருகே
ஒரு காற்றுவளையம்.
மூச்சுக்குழல் சுவரோடு ஒட்டி நின்று
மேலே தேங்கும் எச்சிலைக் கீழே விடாது.
அதன் வால் மட்டும் கன்னத்தோரம் வெளியே வந்து
நீலக் குமிழாய்த் தொங்கும்.
இருபதுக்குக் கீழே இறங்கினால்
எச்சில் நுரையீரலுக்குக் கசியும்; பிறகு காய்ச்சல், சீழ்.
முப்பதைத் தாண்டினால்
உள்சதைக்கு ரத்தம் ஓடாது, வெளுக்கும்.
நடுவில் கிடக்கிற அந்தப் பத்துக்குள்
ஆறு கட்டில்களை நிறுத்தி வைப்பது என் வேலை.

அளக்கிற கடிகாரம் ஒன்றே ஒன்று.
பாதி நாள் அது தியேட்டரில் இருக்கும்.
கேட்டால் "இப்பத்தான குடுத்தோம்" என்பார்கள்.
அப்போது கட்டைவிரல்தான்.
குமிழைக் கிள்ளி
மூக்கு நுனி மாதிரி இருந்தால் சரி.
சரியில்லாத சரி என்று எனக்கும் தெரியும்.

மூன்றாம் இரவு, மணி இரண்டிருக்கும்.
வென்டிலேட்டர் கத்தவில்லை.
இருசப்பனின் தொண்டையில் மட்டும்
உலைமூடி தத்தளிக்கிற சத்தம்.
ஓடிப்போய்க் கிள்ளினேன்.
தொளதொளவென்றிருந்தது.
கடிகாரத்தைத் தேடி எடுத்து மாட்டினால்
பதினொன்று.
எவ்வளவு நேரமாய்?
சிரிஞ்சில் காற்று ஏற்றினேன். சத்தம் அடங்கியது.
அவர் இமைகள் மூடித்தான் இருந்தன.

மறுநாள் ராஜவேலு சார் ஒரு பெட்டியோடு வந்தார்,
டிபன் பாக்ஸ் அளவு.
நீலக் குமிழில் மாட்டி
இருபத்தைந்து என்று வைத்தார். அவ்வளவுதான்.
புரட்டிப் படுக்க வைத்தால் குறையும், பெட்டி ஊதும்.
ஐந்தாம் நாள் முதல் இருமல் வந்தது;
எண் எகிறியது, பெட்டி உறிஞ்சிக்கொண்டது,
மறுபடி இருபத்தைந்து.
கரண்ட் போய் ஜெனரேட்டர் முனகி எழும்வரை
உள்ளிருந்த காற்றை அப்படியே பூட்டி வைத்திருந்தது.
ஷிப்டுக்கு ஒருமுறை நான் பார்க்கிறதை
நொடிக்கு நொடி பார்க்கிறது,
ஒரு பெருமூச்சுகூட இல்லாமல்.
பொறாமைதான்.
அன்று முதல்முறையாக டீயைச் சூடாகக் குடித்தேன்.

ஏழாம் நாள் குழாய் வெளியே வந்தது.
உப்புத்தாள் தேய்க்கிற குரலில் சொன்னார்:
"அன்னிக்கி ராத்திரி காத்து எறங்கிச்சு சிஸ்டர்.
எனக்குத் தெரியாத சத்தமா அது?
கசியுதுன்னு சொல்லலாம்னா
வாயில கொழாய்."
அஞ்சலாட்சி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.
நான் ஏதோ தாளைத் தேடினேன்,
கையிலேயே இருந்த தாளை.

வீட்டுக்குப் போகிற அன்று
வண்டி நிறுத்துமிடத்தில் நின்று
என் ஸ்கூட்டியின் பின்டயரை அழுத்திப் பார்த்தார்.
"இருபத்தஞ்சுதான் இருக்கு. முப்பது வைங்க."
எங்களுக்கு முப்பது ஆகாது என்றேன்.
அவருக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தார்.

பாதிரிக்குப்பம் பங்க்கில் அளந்தேன்.
இருபத்தாறு.

இரவு பெட்டியை இரண்டாம் கட்டிலுக்கு மாற்றினோம்.
மற்ற ஐந்து நீலக் குமிழ்களும்
கன்னத்தோரம் காத்துக் கிடந்தன.
கடிகாரம் தியேட்டரில்.